ஈசானி மூலையில் மூன்று ஜாக்கி

தளம் போடுகிற நாளில் சென்ட்ரிங் மேஸ்திரிக்கு வேலையே கிடையாது என்பார்கள். பலகை அடித்து, ஷீட் பரப்பி, கீழே முட்டுக் கொடுத்து, கம்பி கட்டுகிறவனிடம் ஒப்படைத்துவிட்டால் அவன் ராஜா. காங்கிரீட் ஆட்கள் மேலே வெயிலில் வெந்துகொண்டிருக்க, இவன் கீழே நிழலில் பீடியும் கையுமாக அண்ணாந்து பார்த்தபடி உலாத்தலாம். சொல்கிறவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த அண்ணாந்து பார்க்கிறதுதான் வேலை என்பது முட்டுக் கொடுத்தவனுக்குத்தான் தெரியும்.

திருவரங்குளம் முனியசாமி இருபத்தெட்டு வருஷமாக அண்ணாந்து பார்த்தவர். புதுக்கோட்டை சுற்றுவட்டாரத்தில் அவர் முட்டுக் கொடுத்த தளம் ஒன்றுகூட இறங்கியதில்லை. காண்ட்ராக்டர்கள் அவரைத் தேடி வருவது அந்தப் பேருக்காகத்தான். படிப்பு இல்லை, நிலம் இல்லை, அந்தப் பேர் ஒன்றுதான் அவருக்கு இருந்தது.

அன்றைக்குத் தளம் போட்டது திருமயம் போகிற ரோட்டில், அடைக்கப்பன் செட்டியார் கட்டிக்கொண்டிருந்த கல்யாண மண்டபத்தில். செட்டியார் சென்னையில் தொழில் செய்கிறவர். சொந்த ஊருக்குப் பக்கத்தில் பேர் சொல்ல ஒன்று இருக்கட்டும் என்று ஆரம்பித்த கட்டடம். பந்திக் கூடத்துக்கு மட்டும் நூற்று அறுபது ஜாக்கி. திருகித் திருகி ஏற்றுகிற இரும்பு முட்டைத்தான் ஜாக்கி என்பது. வரிசை பிடித்து நட்டு, ஒவ்வொன்றையும் கையால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் முந்தின நாள் இரவு படுத்தார் முனியசாமி.

விடியற்காலம் ஐந்தரைக்குச் செட்டியாரும் அவர் மனைவி விசாலி ஆச்சியும் வந்து இறங்கினார்கள். பின்னாலேயே குத்துவிளக்கு, நிறைகுடம், நெல், தாம்பாளம் எல்லாம் வந்தன. உள்ளே எட்டிப் பார்த்த ஆச்சி முகத்தைச் சுளித்தார்.

"என்ன மேஸ்திரி, சவுக்குத் தோப்பு மாதிரி நட்டு வச்சிருக்கீக? இதுக்குள்ள எங்கிட்டு உக்காந்து பூசை பண்றது?"

"வாசப் பக்கம் எடம் இருக்குங்க ஆச்சி. அங்கிட்டு வச்சுக்கிட்டா..."

"நல்லா இருக்கே! ஈசானி மூலையை விட்டுட்டு வாசல்ல வைப்பாகளா?"

செட்டியார் கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு ஜாக்கிதானே மேஸ்திரி. எடுத்து வைங்க. பூசை முடிஞ்சதும் திரும்ப வச்சுருங்க. நல்ல நேரம் போய்க்கிட்டு இருக்கு."

முனியசாமி எடுத்தார். அதில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை. மேலே அப்போது வெறும் ஷீட்டும் கம்பியும்தான், பாரம் கிடையாது. கால் மணி நேரத்தில் திரும்ப வைத்துவிடலாம். இன்ஜினியர் அரவிந்த்குமார் இன்னும் வந்து சேரவில்லை. வந்திருந்தால் முனியசாமி அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்.

பூசை முடிந்து தீபாராதனையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு போனார். ஆச்சி கையை நீட்டித் தடுத்தார்.

"இருங்க இருங்க. விளக்கு கடைசிச் சட்டி காங்கிரீட் போடுற வரைக்கும் எரியணும். எங்க அப்பச்சி வீடு கட்டுனப்ப அப்படித்தான். இன்னிக்கு வரைக்கும் அந்தத் தளத்துல ஒரு விரிசல் இல்ல."

"அப்ப விளக்கைக் கொஞ்சம் இங்கிட்டு நகட்டிக்கலாமுங்களா ஆச்சி?"

"ஏத்துன விளக்கை நகட்டுவாகளா? என்ன பேச்சு இது!"

ஜாக்கியின் கால் நிற்க வேண்டிய இடத்தில் விளக்கு நின்றது. அதைச் சுற்றிக் கோலம், வாழை இலையில் நெல், நிறைகுடம். எடுத்த மூன்றும் மேலே ஷீட்டைத் தாங்குகிற ஒரே கட்டைக்கு அடியில் இருந்தவை. அந்தக் கட்டை இப்போது அந்தரத்தில் நின்றது. முனியசாமி ஒரு சவுக்குக் கம்பை எடுத்துப் பக்கவாட்டில் சாய்த்து முட்டுக் கொடுத்தார். அது கட்டைக்குக் கொடுத்த முட்டு இல்லை, மனசுக்குக் கொடுத்தது.

ஏழு மணிக்கு அரவிந்த்குமார் வந்தபோதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போன மாதம் இதே பையன், தன் மகன் வயசுப் பையன், பத்துப் பேர் முன்னால் "என்னைக் கேக்காம எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டான். இப்போது போய், தொட்டேன் என்று நிற்க ரோஷம் விடவில்லை. காங்கிரீட்டைக் கன்னி மூலையில் ஆரம்பிக்கிறார்கள். நேர் எதிரே இருக்கிற ஈசானி மூலைக்கு வந்து சேர மத்தியானம் ஆகும். அதற்குள் ஒரு வழி பிறக்காதா, பார்த்துக்கலாம் என்று விட்டார். நம் ஊரில் பாதிக் கட்டடம் இந்தப் பார்த்துக்கலாம் மேல்தான் நிற்கிறது.

ஒன்பதரைக்குக் காண்ட்ராக்டர் கண்ணுசாமிக்குப் போன் வந்தது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு சைட்டில் பாதுகாப்பு ஆய்வு ஜீப் நிற்கிறது, அடுத்து இங்கேதான். கண்ணுசாமி ஓடினார். ஸ்டோர் ரூமைத் திறந்து மஞ்சள் ஹெல்மெட்டுகளை வாரிக் கொண்டுவந்து இறைத்தார். விலைச் சீட்டுகூடக் கிழிக்காத ஹெல்மெட். சித்தாள் பெண்கள் ஹெல்மெட்டை மாட்டி, அதன்மேல் சும்மாட்டை வைத்து, அதன்மேல் கலவைச் சட்டியைத் தூக்கினார்கள். சட்டி வழுக்கி ஓடியது. "உசுரைக் காப்பாத்தக் குடுத்ததே உசுரை வாங்கிரும்போல" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். முனியசாமி மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு அந்த ஜீப் கடவுள் அனுப்பியதுபோல இருந்தது. வருகிற அதிகாரி கண்ணில் அந்த மூலை பட்டால் போதும். சர்க்கார் வாயால் சொல்லிவிட்டால் ஆச்சியும் மறுக்க முடியாது, செட்டியாரும் மறுக்க முடியாது. தன் வாயால் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

ஆய்வாளர் இளமதிக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். சொந்த ஹெல்மெட், சொந்த ஷூ. கையில் ஒரு ஃபைல். அவரிடம் ஏமாற்று வேலை நடக்காது என்பது ஐந்தே நிமிஷத்தில் தெரிந்துபோனது. ஸ்விட்ச் போர்டில் பிளக் இல்லாமல் வெறும் வயரைச் சொருகித் தீக்குச்சியால் இறுக்கி வைத்திருந்ததைப் பார்த்து, கலவை கலக்குகிற மில்லர் மெஷினையே நிறுத்தச் சொன்னார். பிளக் மாட்டின பிறகுதான் ஓடவிட்டார். சாரத்தில் கைப்பிடிக் கம்பு கட்டச் சொன்னார். முதலுதவிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே சிமெண்ட் பில்கள் இருந்தன.

"இதை வச்சுக் காயத்துக்குக் கட்டுப் போடுவீங்களா?" என்று கேட்டார். கண்ணுசாமி பல்லைக் காட்டினார்.

சித்தாள்களிடம் போய், "சட்டியைத் தலையில தூக்காதீங்கம்மா, வரிசையா நின்னு கைமாத்தி விடுங்க. ஹெல்மெட் தலையில இருக்கட்டும்" என்றார். நியாயமான பேச்சு. முனியசாமிக்கு அந்த அம்மா மேல் மரியாதை வந்துவிட்டது.

பிறகு தளத்துக்கு அடியில் நுழைந்தார். கூடவே முனியசாமி, அரவிந்த்குமார், கண்ணுசாமி. வரிசை வரிசையாக நடந்தார் இளமதி. ஒவ்வொரு ஜாக்கியையும் கையால் அசைத்துப் பார்த்தார். நாலாவது வரிசையில் ஒன்று செங்கல் மேல் நின்றது. "தகடு வைங்க" என்றார். அடுத்த வரிசையில் ஒன்றின் உயரத்தைப் பூட்டுகிற கொண்டி சரியாக ஏறவில்லை, அதையும் கண்டுபிடித்தார். இவ்வளவு கூர்மையான கண்ணை முனியசாமி தன் அனுபவத்தில் பார்த்ததில்லை. ஒவ்வொரு வரிசையாக ஈசானி மூலை நெருங்க நெருங்க அவர் வரிசையை எண்ணிக்கொண்டே நடந்தார். இதோ, இன்னும் இரண்டு வரிசை. இதோ, ஒன்று.

மூலையில் விளக்கு ஐந்து முகமும் நிறைந்து எரிந்தது. சாம்பிராணியும் மல்லிகையும் கலந்து மணத்தன. ஆச்சி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இளமதி ஓரடி பின்னுக்கு வந்தார். ஷூவைக் கழற்றினார். ஹெல்மெட்டையும் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நூற்று அறுபது ஜாக்கியில் மூன்று இல்லாத அந்த ஒரே இடத்தில் நின்று, கை குவித்து, கண்ணை மூடிக் கும்பிட்டார். திறந்ததும் குனிந்து விபூதி எடுத்துக்கொண்டார். குனிந்த தலை நிமிரும்போது ஆச்சி குங்குமச் சிமிழை நீட்டினார்.

"எடுத்துக்கங்கம்மா. எந்த ஊரு?"

"இலுப்பூருங்க ஆச்சி."

"சர்க்கரைப் பொங்கல் கொஞ்சம் சாப்புட்டுப் போங்க."

இளமதி அண்ணாந்து பார்க்கவே இல்லை. அந்த மூலையை அவர் கோயிலாகப் பார்த்தார். கோயிலில் போய் யார் முட்டு எண்ணுகிறார்கள்?

"மேடம்" என்றார் முனியசாமி. 

"சொல்லுங்க மேஸ்திரி."

கண்ணுசாமி திரும்பிப் பார்த்தார். அரவிந்த்குமாரும் பார்த்தான். சொன்னால் தளம் நிற்கும். பாதியில் நின்ற தளம் உருப்படாது என்பது ஊருக்கே தெரியும். ஏன் எடுத்தாய், ஏன் காலையிலிருந்து சொல்லவில்லை என்று நாலு பக்கமும் கேள்வி வரும். இருபத்தெட்டு வருஷத்துப் பேர் கண்ணுக்கு முன்னால் நின்றது.

"ஒண்ணுமில்லங்க மேடம். பொங்கலைச் சூடா சாப்புடுங்க, ஆறிரும்."

தொன்னையைக் காலி செய்துவிட்டு ஃபைலை விரித்தார் இளமதி. முட்டுகள் சரிபார்க்கப்பட்டன என்று எழுதி, சென்ட்ரிங் மேஸ்திரி என்கிற கட்டத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். முனியசாமி போட்டார். அதற்குக் கீழே இன்ஜினியர் கட்டத்தில் அரவிந்த்குமாரும் போட்டான். "நீங்க நல்லாப் பண்ணியிருக்கீங்க மேஸ்திரி. மத்த சைட்டையெல்லாம் பாத்தா பயமா இருக்கு" என்றார். மனசாரத்தான் சொன்னார். ஜீப் கிளம்பும்போது மணி பதினொன்றே முக்கால்.

பன்னிரண்டேகாலுக்குக் காங்கிரீட் ஈசானி மூலைக்கு வந்தது. மேலே ஒன்பது பேர். காங்கிரீட்டைக் குலுக்கி இறுக்குகிற வைப்ரேட்டர் பிடித்தவன் செந்தமிழன், முனியசாமியின் ஊர்க்காரன், அவரை மாமா என்று கூப்பிடுகிறவன். அவன் குரல் கேட்டது. "இங்கிட்டுத் தள்ளுங்கப்பா, மூலையில பள்ளமா இருக்கு!"

பள்ளமாக இருக்கிறதா? முனியசாமி அண்ணாந்து பார்த்தார். கட்டை நடுவில் இறங்கி இருந்தது. சாய்த்து வைத்த சவுக்குக் கம்பு மெதுவாகத் தரையில் வழுக்கியது. மேலே வைப்ரேட்டர் உறுமியது. கட்டையில் ஆணி கிறீச்சென்று முனகியது.

"மேல நிறுத்துங்கடா! மூலையை விட்டு எல்லாரும் அங்கிட்டுப் போங்கடா!"

மில்லர் சத்தத்தில் யார் காதில் விழும்? அதற்குமேல் அவர் யோசிக்கவில்லை. விளக்கை இரண்டு கையாலும் தூக்கினார். எண்ணெய் சிந்தி முழங்கை வரை சுட்டது. தூக்கின வேகத்தில் நாலு முகம் அணைந்தது. ஐந்தாவது திரி எரிந்தபடியே பலகைத் தூள் மேல் விழ, குனிந்து வாயால் ஊதி அணைத்தார். நிறைகுடம் உருண்டது. "ஐயனாரு, ஜாக்கி!" என்று கத்தினார். கூட வேலை பார்க்கிற ஐயனார் ஓடிவந்தார். கோலத்தின் மேலேயே தகட்டைப் போட்டு, ஜாக்கியை நிறுத்தி, கொண்டி போட்டு, இறுகும் வரை திருகினார்கள். ஒன்று. இரண்டு. மூன்று. முனகல் நின்றது. இறங்கின கட்டையைத் திரும்ப ஏற்ற முடியாது. ஏற்றினால் போட்ட காங்கிரீட் பிளந்துவிடும். அதற்குமேல் இறங்காமல் பிடித்து நிறுத்தியதோடு சரி.

நிமிர்ந்து பார்த்தால் ஆச்சி எழுந்து நின்றுகொண்டிருந்தார்.  முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். செட்டியார்தான் கேட்டார், "என்ன காரியம்யா செஞ்ச? வாயால ஊதியா அணைப்பாக?"

"தூக்கலேன்னா தளம் விழுந்துருக்குமுங்க. மேல ஒம்பது பேரு நிக்குறாக."

"எங்கய்யா விழுந்துச்சு? நிக்குதே!"

 விழுந்த தளத்தை ஊரே வந்து பார்க்கும், போட்டோ எடுக்கும். விழாத தளத்தை எதைக் காட்டி நிரூபிப்பது? அரவிந்த்குமாருக்குப் புரிந்துவிட்டது. மூன்று ஜாக்கியையும் பார்த்தான், மேலே பார்த்தான், முகம் வெளிறியது. பக்கத்தில் வந்து அடிக்குரலில், "வச்சது நல்லதாப் போச்சு மேஸ்திரி. இதைப் பத்தி வெளிய பேச வேணாம். நம்ம ரெண்டு பேரு கையெழுத்தும் அந்த ஆபீசரம்மா ஃபைல்ல இருக்கு" என்றான். மேலே நின்ற ஒன்பது பேரும் கடைசிச் சட்டியைப் போட்டுவிட்டு இறங்கிவந்து பிரியாணி சாப்பிட்டார்கள்.

இருபத்தோரு நாள் கழித்து ஷீட்டைப் பிரித்தார்கள். முனியசாமியைக் கூப்பிடவில்லை, வேறு செட்டை வைத்துப் பிரித்தார்கள். தளம் முழுக்கத் தண்ணீர் மட்டம் பிடித்ததுபோல இருந்தது. ஈசானி மூலையில் மட்டும் அரை அங்குலம் தொய்வு. பலத்துக்கு ஒரு குறையும் இல்லை, பூச்சில் மறைந்துவிடும். ஆனால் கண்ணுசாமி அதைக் கையால் காட்டிக் காட்டி வருகிறவர் போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். "பாத்தீங்களா? வெளக்கை அணைச்ச எடத்துலதான் எறங்கியிருக்கு. வேற எங்கயாச்சும் எறங்குச்சா?"

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. வாயால் ஊதின கதை திருமயத்திலிருந்து புறப்பட்டு, புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டு, திருவரங்குளத்துக்கு அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது. பேசி வைத்திருந்த மூன்று தளமும் கை நழுவிப் போயின. ஒருத்தரும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை. "அடுத்த மாசம் பாப்போம் மேஸ்திரி" என்றார்கள். அடுத்த மாசமும் அதையே சொன்னார்கள். முனியசாமிக்கு அழுகையாக வந்தது. அநியாயமாகப் பழி சுமக்கிறோமே என்று இரவெல்லாம் புரண்டார். அந்த அநியாயத்தில் அவருக்கு ஒரு சுகமும் இருந்தது. ஒன்பது உயிரைக் காப்பாற்றியவன் நான், எவனுக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டால் தூக்கம் வந்தது.

ஆவணியில் ஒரு நாள் சாயங்காலம் செந்தமிழன் பைக்கில் வந்தான். வீட்டு வாசலில் இறங்காமலே நின்றான். அவனுக்குத் தொகுப்பு வீடு வந்திருந்தது. சுவர் எழும்பித் தளத்துக்குத் தயாராக இருந்தது.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. வெள்ளிக்கெழமை தளம். சென்ட்ரிங் வேற ஆளுகிட்டச் சொல்லியிருக்கேன். அந்த வெளக்குக் கதையைக் கேட்டு வீட்டுல ரம்யா சங்கடப்படுது. புள்ளத்தாச்சி வேற, என்னால எதுத்துப் பேச முடியலை. ஆனா நீங்க சாப்பாட்டுக்கு வந்துரணும்."

முனியசாமி தலையை ஆட்டினார்.  "எத்தனை ஜாக்கி சொல்லியிருக்க?" என்று கேட்டார்.

"நாப்பது."

"பத்தாது. நாப்பத்தாறு போடச் சொல்லு. பூசையை எங்க வைக்கப் போற?"

"ஈசானி மூலையிலதான் மாமா. மண்டபத்துல வச்ச மாதிரியே கடைசி வரைக்கும் வெளக்கு எரியணும்னு ரம்யா சொல்லுது. நெருக்கமா இருந்தா ரெண்டு ஜாக்கியை எடுத்துக்கலாம்னு அந்த மேஸ்திரி சொன்னாரு."

முனியசாமி எழுந்து நின்றார். இத்தனை மாதம் வாய் திறக்காத மனுஷன்.

"எடுக்காதடா. அன்னைக்கு மண்டபத்துல அந்த மூலையில மூணு ஜாக்கி இல்ல. ஆச்சி பூசைக்காக நான்தான் உருவுனேன். நீ மேல நின்னப்ப கட்டை எறங்கிருச்சு. அதான் வெளக்கைத் தூக்குனேன்."

சொல்லி முடித்ததும் பெரிய பாரம் இறங்கினதுபோல இருந்தது. செந்தமிழன் கையைப் பிடித்துக்கொள்வான், மாமா என்பான் என்று எதிர்பார்த்தார். செந்தமிழன் பைக்கை விட்டு இறங்கினான்.

"எப்ப உருவுனீங்க?"

"வெடியக்காலம். பூசைக்கு."

"நாங்க மேல ஏறுனது ஏழு மணிக்கு. மூலைக்கு வந்தது பன்னண்டேகாலுக்கு." கணக்குப் போடுகிறவனாக அவரையே பார்த்தான். "நடுவுல அந்த ஆபீசரம்மா வந்துச்சு. முட்டெல்லாம் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டீங்க. எல்லாம் தெரிஞ்சேதான் எங்களை மேல நிக்க விட்டீங்களா மாமா?"

ஊர் முழுக்க அவர்மேல் பொய்ப் பழி சுமத்தியது. நிஜப் பழியை இவன் ஒருத்தன்தான் சுமத்தினான். அதற்கு ரோஷப்பட வழியில்லை, புரண்டு படுக்கவும் வழியில்லை.

"ஆமா" என்றார் முனியசாமி.

செந்தமிழன் திரும்பி வண்டியில் ஏறினான். பைக்கை உதைத்தான். உடனே பிடிக்கவில்லை, நாலைந்து தடவை உதைத்தான். நாலடி போய், நிறுத்தி, திரும்பிப் பார்க்காமல் கேட்டான்.

"நாப்பத்தாறா?"

"நாப்பத்தாறு. மூலையில ஒண்ணுகூட உருவாத."

 வண்டி மெயின் ரோட்டில் ஏறிப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு முனியசாமி போகவில்லை. மத்தியானம் வரை வீட்டுக்குள்ளேயே நின்றுகொண்டு, தன் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணிக்கு ஐயனார் செந்தமிழன் வீட்டிலிருந்து வந்து, விளக்கை மூலையில் வைக்காமல் வெளியே படியில் வைத்திருந்தார்கள், காற்றில் இரண்டு தடவை அணைந்துபோய்த் திரும்ப ஏற்றினார்கள் என்று சொன்னார்.